மூன்றாம் ஓலை

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த டவுன் பஸ் என் அருகில் வேகத்தைக் குறைத்தது. ஜன்னலில் ஒரு பெண் தலையை நீட்டி, "தூ, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றாள். எச்சில் என்மேல் படவில்லை. காலைப் பூசையில் எனக்கு முன் வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவள்தான். கண்டக்டர் விசில் கொடுக்க, பஸ் போய்விட்டது. தூசி அடங்கட்டும் என்று சற்று நின்றேன். பிறகு ரெக்சின் பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் ஏறாததற்குக் காரணம் அதுதான். அன்று அந்தத் தடத்தில் ஓடிய எந்த பஸ்ஸிலும் எங்கள் கோயில்காரர்கள் நாலு பேராவது இருப்பார்கள்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்கள் கோயிலில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் அதை அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பெயர். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் வந்து சொல்லவும் என்று வாசித்து முடிப்பார் சாமியார். யாரும் போய்ச் சொல்லி நான் பார்த்ததில்லை. அன்று காலை எனக்கும் என் மாமாவின் பெரிய மகளுக்கும் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். பூசை முடிந்ததும் சாமியாரின் அறைக்குப் போய்த் தடையை நானே சொன்னேன். பெங்களூரில் ஒருத்தியோடு எனக்கு ஏற்கெனவே குடித்தனம் இருக்கிறது என்றேன்.

அப்படி யாரும் இல்லை. இருந்த தடையை அங்கே சொல்ல முடியவில்லை.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் மச்சானிலிருந்து தொடங்க வேண்டும். மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. மச்சான் அவருடைய மூத்த மகன், என்னைவிடக் கொஞ்சம் பெரியவன். அப்போது எல்லோரும் ஆம்பூரில் இருந்தோம். மாமா தோல்ஷாப்பில் வேலை பார்த்தார். எங்கள் பகுதியில் டேனரியை அப்படித்தான் சொல்வோம். மச்சான் ஏழாவது படிக்கும்போது காலையில் எழுந்ததும் அவன் கையிலிருந்து டீ டம்ளர் தானாகப் பறக்க ஆரம்பித்தது. கை ஒரு வெட்டு வெட்டும். அவ்வளவுதான். அத்தை முதலில் அடித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அடித்தார். "என் கை எனக்கு முன்னாடியே எழுந்துடுதுடா" என்பான் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். கேரம் நன்றாக ஆடுவான். அந்த வருடக் கடைசியில் ஸ்ட்ரைக்கர் பலகையை விட்டே போக ஆரம்பித்தது.

பிறகு வலிப்பு வந்தது. ஒரு டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை சாப்பிடச் சாப்பிட நடை கோணிப் போயிற்று, பேச்சு குழறியது. தெருவில் போனால் குடித்திருக்கிறான் என்றார்கள். மீசை கூட முளைக்காத வயசு.

காரணம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை. தேவை இருக்கவில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் தோல்ஷாப்புக் கழிவு ஓடியது. கிணற்றுத் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். முடி கொட்டினால் தண்ணீர், மாடு குறைக் கன்று வீசினால் தண்ணீர், வயிற்றுவலி, தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் தண்ணீர்தான். பாதிக்கு மேல் உண்மையும்கூட. அதனால் மச்சானுக்கும் தண்ணீர்தான் என்று முடிவாயிற்று. மாமா ஷாப்பு வேலையை விட்டார். மலையடிவாரத்தில் நல்ல தண்ணீர் என்று ஆலங்காயத்துக்குக் குடிபோய்ச் சைக்கிள் கடை வைத்தார். சின்ன மகள் அங்கே போன பிறகுதான் பிறந்தாள்.

நான் எட்டாவதோடு நின்றேன். அம்மா போன பிறகு எந்த ஊரிலும் தங்கவில்லை. லாரி கிளீனர், ஜோலார்பேட்டையில் மூட்டை தூக்குவது, பெங்களூரில் ஓட்டல், நடுவில் ஆம்பூர் தோல்ஷாப்பில் டிரம் வேலை. வேலை போனால் மாமா வீட்டுக்கு வருவேன். ஏன் வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாமாவும் நானும் மச்சானை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அப்படி வந்திருந்த ஒரு சமயத்தில்தான். அதற்குள் அவனால் எதையாவது பிடிக்காமல் நிற்க முடியாமல் போயிருந்தது. பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தது தப்பாகிவிட்டது. சாலையோர மரங்களுக்கு நடுவே வெயில் விட்டுவிட்டு முகத்தில் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. என் துண்டை அவன் முகத்தின்மேல் போட்டுப் பிடித்துக்கொண்டேன். அடங்கியது. மற்றவர்கள் பிணத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அவன் முன்னால் ஒருமுறை கை தட்டினார். அவன் துள்ளினான். பிறகு மாமாவிடம், "நீங்களும் உங்க வீட்டம்மாவும் சொந்தமா?" என்று கேட்டார்.

"முறைப்பொண்ணுதாம்மா. எங்கள்ள வெளியில குடுக்கற வழக்கமே இல்ல" என்றார் மாமா. பெருமையாகத்தான் சொன்னார்.

ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பினார்கள். முடிவு வர மாதங்கள் ஆயின. மறுபடி போனபோது டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"உடம்புக்குள்ள புரதத்தை வெட்டற பொருள் நெறைய இருக்கு. பழசைக் கழிக்கறதுக்கு அது வேணும். ஆனா அது வரம்பு மீறாம இருக்க ஒரு கடிவாளமும் வேணும். அந்தக் கடிவாளங்கள்ல ஒண்ணு சிஸ்டாட்டின் பி. அதைச் செய்யற ஜீன் இவருக்கு ரெண்டு பக்கமும் பழுது."

"ரெண்டு பக்கமும்னா?" என்றேன்.

"அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ஒரு பக்கம் நல்லா இருந்தாலே போதும், நோய் வராது. அதனாலதான் அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

எனக்கு டிரம்தான் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பிலிருந்து எடுத்த தோலை டிரம்மில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் பேட் என்ற தூளைப் போடுவோம். அது தோலுக்குள் இருக்கும் வேண்டாத பசையையெல்லாம் தின்று தோலை மெத்தென்று ஆக்கும். போதும் என்று பட்டதும் பச்சைத் தண்ணீர் விட்டு அலசி, உப்பும் ஆசிட்டும் கொடுத்து அதை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் அது தோலையே தின்ன ஆரம்பிக்கும். மேல்தோல் உரிந்து வரும். அழுத்தினால் ஊறின ரொட்டியில் போவது போல விரல் உள்ளே போகும். இதைச் சொல்லி, "அந்த மாதிரியாம்மா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கிட்டத்தட்ட. ஆனா கடிவாளம் போனதும் மூளைச் செல் எப்படி அழியுதுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியாது. தெரிஞ்ச மாதிரி நான் சொல்லக் கூடாது."

"நிறுத்தறதுக்கு?"

"இல்ல. துடிப்பைக் கம்மி பண்ண மாத்திரை இருக்கு. மொதல்ல குடுத்தாங்களே ஒரு மாத்திரை, அதை மட்டும் இனிமே தொடக்கூடாது. இந்த நோய்க்கு அது கெடுதல்."

கிளம்பும்போது நான் மட்டும் பின்தங்கி, "எனக்கு?" என்று கேட்டேன். என் அம்மா மாமாவின் அக்கா என்றேன். எனக்கும் ஒரு பக்கம் பழுது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். மச்சானின் தங்கைக்கு நோய் வராவிட்டாலும் ஒரு பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பேருக்கும் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வந்துவிடலாம். இரண்டு பேரும் வெளியில் கட்டினால் பயம் மிகக் குறைவு. சொந்தத்தில் கட்டுவதாக இருந்தால் முதலில் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றார்.

திரும்பும் பஸ்ஸில், ஆம்பூர் நெருங்கி தோல்ஷாப்பு நாற்றம் ஜன்னலில் ஏறியதும் மாமா வாயைத் திறந்தார். "அந்தம்மாவுக்கு இன்னா தெரியும்? நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சிருந்தா இப்படிப் பேசாது."

துண்டுக்குள்ளிருந்து மச்சான் சிரிப்பது எனக்குக் கேட்டது.

அதன்பிறகு மாமா மச்சானின் அறை ஜன்னலில் கோணியை அடித்து வெளிச்சத்தை நிறுத்தினார். டிவியை விற்றார். டாக்டரம்மா சொன்ன மாத்திரையைத் தவறாமல் கொடுத்தார். மற்றதை மட்டும் கேட்காதது போலவே இருந்துவிட்டார்.

எனக்கும் பெரியவளுக்கும் கல்யாணம் என்பது எங்களுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே முடிவானது. யாரும் யாரையும் கேட்பதில்லை. நான் பெங்களூரில் இருந்தபோது ஓட்டல் முதலாளியின் போனுக்கு மாமா கூப்பிட்டார். "ரெண்டு ஓலை படிச்சாச்சு. மூணாவதுக்கு வந்துடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தேன். மாமா வீட்டை ஒட்டிய கடையில் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், நாங்கள் இருவரும் ரத்தம் கொடுக்கிறோம், முடிவு வந்த பிறகு பார்க்கலாம் என்றேன்.

"ரத்தமா? எதுக்கு ரத்தம்?"

"டாக்டரம்மா சொன்னாங்க இல்ல மாமா."

"ரத்தம் குடுத்தா ஊருக்குத் தெரியும். நல்லா இருக்கற பொண்ணுக்கு நோய்ப் பேரு வரும். அப்புறம் நீயும் கட்ட மாட்டே, வெளியிலேர்ந்தும் எவனும் வர மாட்டான். அதான் வேணுமா?" தண்ணீரில் குமிழி வந்தது. அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே, "அது தண்ணிடா. தண்ணிய விட்டு வந்துட்டோம். முடிஞ்சுபோச்சு" என்றார்.

மச்சானின் அறைக்குப் போனேன். கதவைத் திறந்த சத்தத்துக்கே உடம்பு தூக்கிப்போட்டது. பேச்சு மிகவும் குழறியிருந்தது. ஆனால் அவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"இன்னாடா மாப்ள, வாங்கிக் கட்டிக்கினியா?"

"நாளைக்குச் சாமியார்கிட்ட உள்ளதைச் சொல்லிடப் போறேன்."

அவன் சிரிப்பை நிறுத்தினான். சொல்வதற்கு நேரம் பிடித்தது. "அது தண்ணி இல்ல, ரத்தம்னா யாரு குடுத்தது? எங்கப்பனும் எங்கம்மாவும். எனக்கு சோறு ஊட்டறது அவங்க ரெண்டு பேரும்தான். அந்தத் தண்ணியாவது இருக்கட்டும்டா அவருக்கு. எடுத்துடாதே."

"அப்ப தங்கச்சிய?"

"அவளை வெளியில அனுப்பு. எப்படியாவது. நீதான் எங்கயும் நெலையா நிக்கறவன் இல்லையே. ஓடிப்போனான்னு சொன்னா யாரு ஆச்சரியப்படப் போறாங்க?"

அன்று படுத்தபோது தூக்கம் வரும் நேரத்தில் என் கால் ஒருமுறை வெட்டியது. எல்லோருக்கும் வெட்டுவதுதான். எனக்கு அது வரும் வயது தாண்டிவிட்டது என்பதும் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் சொன்னதைச் செய்வதா, வாயை மூடிக்கொண்டு தாலி கட்டுவதா என்று காலையில் எழுந்தபோதும் எனக்கு முடிவில்லை. அத்தை எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சின்னவள் தூக்கக் கலக்கத்தோடு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும்போது கை வெட்டியது. டம்ளர் எதிர்ச்சுவரில் அடித்து விழுந்தது. டீ சுவரில் கோடாக இறங்கியது.

சின்னவள் தன் கையைப் பார்த்தாள். மலையடிவாரத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாத பெண்.

"சூடு. வழுக்கிடுச்சு" என்றார் மாமா அவசரமாக. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே சுவரைத் துடைத்தார். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை உள்ளே போய்விட்டாள். பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

சாமியார் நான் சொன்னதைக் கேட்டு அங்கியைக் கழற்றுவதை நிறுத்தினார். "அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்றார். அதை நான் யோசித்து வைக்கவில்லை. வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன்.

"மொத ஓலையிலயே சொல்றதுக்கு இன்னா கேடு உனக்கு?"

"மொத ஓலைக்கு நான் ஊர்ல இல்ல சாமி."

மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். வாசலில் அதற்குள் கூட்டம். மாமா உள்ளே வந்து விஷயத்தைக் கேட்டார். அடிப்பார் என்று எதிர்பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

"பெங்களூர்லயா?" என்றார்.

"ஆமா மாமா."

"சரி" என்றார் மெதுவாக. அப்புறம் வாசலுக்குக் கேட்கும்படி, "என் வீட்டுப் படி ஏறினே, காலை ஒடச்சுடுவேன். நன்றி கெட்ட நாயே" என்று கத்தினார். ரத்தத்தைவிட பெங்களூர்க்காரி அவருக்கு லேசாக இருந்திருப்பாள்.

அந்தப் படியை ஏறாமல் பையை எடுக்க முடியாது. அத்தை அதைத் தெருவில் எறிந்திருந்தாள். எடுத்துக்கொண்டு நடந்தேன்.

ஊர் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. பெரியவள். கடையில் ரிப்பேருக்கு விட்டிருந்த யாரோ ஒருவரின் சைக்கிளில் வந்திருந்தாள். எங்கள் வழக்கப்படி முறை மாப்பிள்ளையான என்னையும் அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னா மாமா, பெங்களூருக்கு நடந்தே போறியா?"

நான் நின்றேன். அவள் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றிக்கொண்டாள்.

"யாரு அவ?"

"யாரும் இல்ல."

"தெரியும். உன்ன நம்பி ஒருத்தி குடித்தனம் நடத்துவாளா?" என்றாள். சிரிக்கவில்லை. "நாளைக்கு நான் கம்பெனி பஸ்ல ஏறணும். ஷூ தைக்கற அத்தினி பேரும் என்ன இன்னா கேப்பாங்க தெரியுமா?"

"ஓடிட்டான்னு சொல்லு. ஓடிப்போனவன்கிட்டேர்ந்து தப்பிச்ச பொண்ணுன்னு வெளியில மாப்பிள்ளை வரும். நோய்க்காரன் தங்கச்சின்னா வராது."

"ரத்தம் பாத்திருக்கலாம். ஒருவேளை உனக்கு ஒண்ணும் இல்லாம இருந்திருக்கும்."

"உங்கப்பா விட்டாரா?"

"என்னக் கேட்டியா நீ?"

அவளைக் கேட்டிருக்கலாம்தான். எங்களில் யாரும் கேட்பதில்லை என்பது பதிலாகாது. அவள் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேறு குரலில் கேட்டாள். "சின்னதுக்கும் அதுவா?"

"தெரியாது. டாக்டரம்மாதான் சொல்லணும்."

"கைய வெட்டுச்சே."

"ஆமா. இங்க யாருகிட்டயும் காட்டாதே. உங்க அண்ணனுக்கு மொதல்ல குடுத்த மாத்திரையத்தான் எழுதுவாங்க. அது ஒண்ணுகூட அவ வாயில போகக் கூடாது. நாளைக்குக் காலையிலயே நேரா வேலூர் போ. பஸ்ல ஜன்னலோரம் உட்கார வைக்காதே. கண்ணுக்குத் துணி போடு."

"அப்பா விட மாட்டாரு."

"ஏமாத்திட்டுப் போனவன் கூடக் கல்யாணம் நின்னுபோச்சுன்னு சின்னதையும் கூட்டினு மாதா கோயிலுக்குக் கும்புடப் போறதா சொல்லு. விடுவாரு."

அவள் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய் மட்டும் நல்லா சொல்ற" என்றாள். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாள். செயின் கவரில்லாமல் கடகடவென்று சத்தம் போட்டது. வளைவு தாண்டும்வரை கேட்டது.

வெயில் சாய்வதற்குள் வாணியம்பாடி போய்ச் சேர்ந்தேன். தோல்ஷாப்பு நாற்றம் முன்னால் வந்து கூட்டிப்போனது. ரயில் நிலையத்தில் படுத்தேன். பெங்களூர் ஓட்டலுக்கு இனிப் போக முடியாது. மாமாவுக்காகவோ சாமியாருக்காகவோ யாராவது அங்கே போய் அந்த இல்லாத பெண்ணைத் தேடினால் பொய் உடைந்துவிடும்.

காலையில் ஒரு தோல்ஷாப்பின் கேட்டில் நின்றேன். மேஸ்திரி கையில் டீயோடு வந்தார்.

"இன்னா வேலை தெரியும்?"

"டிரம்."

"பேட்டு ஓட்டியிருக்கியா?"

"ஓட்டியிருக்கேன்."

"கட்டைவெரல காட்டு." நகம் ஒட்ட வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். நகம் இருந்தால் தோலில் கீறல் விழும். "உள்ள வா. ஆளு இல்லாம டிரம் ஓடினு இருக்குது."

உள்ளே ஈரத் தரையும் சுண்ணாம்பு வாடையும். டிரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பேட் எப்போது போட்டார்கள் என்று கேட்டேன். போட்டவன் சரியாகச் சொல்லவில்லை. டிரம்மை நிறுத்தி, மூடியைத் திறந்து ஒரு தோலை இழுத்து மடக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். பதம் வராத தோலில் பள்ளம் உடனே எழும்பிவிடும். பதம் வந்தால் விரல் பதிந்தது அப்படியே நிற்கும்.

அந்த நேரத்தில் வேலூர் பஸ் கிளம்பியிருக்க வேண்டும். ஏறினார்களா, சின்னவளின் கண்ணுக்குத் துணி போட்டார்களா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.

என் விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. நடுவில் ரேகை கூடத் தெரிந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்றார்.

"வேணாம்" என்றேன். "இப்பவே தண்ணி விடச் சொல்லுங்க."